ஷேர் ஃபோல்டரில் ஒரு டிக்

போன வாரம் காட்பாடியில் எங்களிடம் சர்வர் வேலை பழக வந்திருக்கும் பையன், விண்டோஸ் சர்வரில் பலரும் பயன்படுத்தும் ஒரு ஷேர் ஃபோல்டரின் பர்மிஷனை (யார் திறக்கலாம், யார் மாற்றலாம் என்ற அனுமதி) மாற்றும்போது திரையில் ஒரு சின்னப் பெட்டியில் டிக் போடப் போனான். மவுஸைப் பிடுங்கிவிட்டேன். பல வருடங்களுக்கு முன் நான் போட்ட அதே டிக். எல்லாருக்கும் ஃபுல் கன்ட்ரோல் கொடுக்காதே, ஆளுக்கு ஆள் கொடுக்காமல் குரூப்புக்குக் கொடு என்பதெல்லாம் எல்லாரும் சொல்வதுதான். அதை விட்டுவிடுகிறேன்.

அந்த டிக்

ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனி. சர்வரின் டி டிரைவில் 'பொது' என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் கட்டிங், ஸ்டிச்சிங், ஷிப்பிங், சம்பளம். சம்பளத்துக்கு மட்டும் மேலிருந்து பர்மிஷன் இறங்காதபடி இன்ஹெரிட்டன்ஸை நிறுத்தி, அக்கவுண்ட்ஸ் குரூப்பை மட்டும் வைத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஷிப்பிங்கிலிருந்து போன்: "சார், ஒரு ஃபோல்டர் திறக்க மாட்டேங்குது, வெளிய கன்டெய்னர் நிக்குது."

அவசரத்தில் 'பொது'வின் அட்வான்ஸ்டு செக்யூரிட்டிக்குப் போய், உள்ளே இருக்கும் எல்லாவற்றின் பர்மிஷனையும் இதன்படி மாற்று என்ற கட்டத்தில் டிக் வைத்து ஓகே கொடுத்தேன். ஃபோல்டர் திறந்தது. நான் டீ குடிக்கப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை காலை கட்டிங் சூப்பர்வைசர் ஒருவர் மேனேஜர் அறைக்குப் போய், ஸ்டிச்சிங்கில் இருப்பவருக்கு மட்டும் ஏன் 2,000 ரூபாய் கூடுதல் என்று கேட்டிருக்கிறார்.

அந்த டிக், கீழே தனித்தனியாகக் கொடுத்த பர்மிஷனையெல்லாம் துடைத்துவிடும். நிறுத்தி வைத்த இன்ஹெரிட்டன்ஸையும் திரும்பத் திறந்துவிடும். அன்டூ கிடையாது. பயந்துபோய்ப் பாதியில் கேன்சல் கொடுத்தால் பாதி புதுசு, பாதி பழசு என்று நிற்கும், அது இன்னும் தலைவலி. எந்த ஃபோல்டர் யாருக்கு என்று பிரிவு பிரிவாகப் போய்க் கேட்டு, நோட்டில் எழுதித் திரும்பக் கட்ட எனக்கு ஒன்பது நாள் ஆனது.

இத்தனைக்கும் மூல காரணம் சின்னது. யாரோ வேறு ஃபோல்டரிலிருந்து கட் செய்து ஷிப்பிங்கில் பேஸ்ட் செய்திருந்தார்கள். ஒரே டிரைவுக்குள் நகர்த்தினால் ஃபோல்டர் பழைய பர்மிஷனைச் சுமந்துகொண்டே வரும். காப்பி செய்தால்தான் போய்ச் சேர்ந்த இடத்தின் பர்மிஷனை எடுக்கும். அந்த ஒன்றை மட்டும் சரிசெய்திருந்தால் இரண்டு நிமிட வேலை. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினேன்.

இப்போதெல்லாம் மேல்மட்ட ஃபோல்டரைத் தொடும் முன் விண்டோஸின் ஐகேக்ல்ஸ் (icacls) கட்டளையின் சேவ் வசதியில் பர்மிஷன் முழுவதையும் ஒரு ஃபைலில் எடுத்து வைத்துக்கொள்கிறேன். 'பொது'வுக்கு எடுத்ததை ரீஸ்டோர் செய்யும்போது 'பொது'வைக் காட்டாமல், அதற்கு மேலே இருக்கும் டி டிரைவைக் காட்ட வேண்டும். இதிலும் ஒரு தடவை முழித்திருக்கிறேன்.

இரண்டு பூட்டு

நெட்வொர்க் வாசலில் இருக்கும் ஷேர் பர்மிஷன் ஒன்று, டிரைவில் அந்த ஃபோல்டர் மேலேயே இருக்கும் என்டிஎஃப்எஸ் (NTFS) பர்மிஷன் ஒன்று. நெட்வொர்க் வழியாக வருபவருக்கு இரண்டில் எது இறுக்கமோ அதுதான். என்டிஎஃப்எஸ்ஸில் மாடிஃபை (மாற்றும் அனுமதி) கொடுத்துவிட்டு, ஷேரில் ரீட் (படிக்கும் அனுமதி) மட்டும் இருப்பதைக் கவனிக்காமல் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் பையன்கள் உண்டு.

டினை

இன்னாருக்குக் கிடையாது என்று தனியாகத் தடுத்து வைக்கும் டினை வேண்டாம். இரண்டு குரூப்பில் இருக்கும் ஒருவர் எதனால் மாட்டினார் என்று தேடியே ஒரு நாள் போகும்.

குரூப்பில் சேர்த்த பிறகு

சேர்த்த ஆளை லாக் ஆஃப் செய்து திரும்ப உள்ளே வரச் சொல்லுங்கள். அதுவரை அவருக்குப் பழைய பர்மிஷன்தான்.

லினக்ஸ் சர்வர் என்றால்

ஆளைக் குரூப்பில் சேர்க்கும் யூசர்மாட் (usermod) கட்டளையில் பெரிய ஜி (G) போடும்போது கூடவே சின்ன ஏ (a) இருக்கட்டும். அதை விட்டால் புது குரூப்பில் சேரும் ஆள், கூடுதலாக இருந்த பழைய குரூப் எல்லாவற்றிலிருந்தும் கழன்றுவிடுவார். அப்புறம், பொது ஃபோல்டருக்குப் பர்மிஷன் எண் 770 (சொந்தக்காரருக்கும் குரூப்புக்கும் முழு அனுமதி, மற்றவர்களுக்கு எதுவும் இல்லை) போதாது, 2770 கொடுங்கள். முன்னால் இருக்கும் அந்த 2 இருந்தால்தான் உள்ளே உருவாகும் புது ஃபைல் ஃபோல்டரின் குரூப்பில் சேரும்.

சோதித்துப் பார்ப்பது

உங்கள் அட்மின் லாகினில் அல்ல. கட்டிங் சூப்பர்வைசரின் சீட்டுக்குப் போய், அவர் லாகினில் சம்பள ஃபோல்டரைத் திறந்து பாருங்கள்.