மதுரைக்கு வீடு மாறும்போது பிள்ளையின் முதல் பள்ளி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாற்றல் உத்தரவு கைக்கு வந்ததும் வீடு பார்க்கிறோம், அட்வான்ஸ் கொடுக்கிறோம், பால் காய்ச்சுகிறோம். அதற்குப் பிறகுதான் “பக்கத்துல என்ன ஸ்கூல் இருக்கு?” என்று விசாரிக்கிறோம். நாலைந்து வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு இந்த வரிசையே முதல் தவறு. வீடும் பள்ளியும் சேர்ந்து எடுக்க வேண்டிய ஒரே முடிவு.

மதுரையில் இது கூடுதலாக உறைக்கும், ஏனென்றால் ஊரை வைகை இரண்டாகப் பிரிக்கிறது. ஐயர் பங்களாவிலோ திருப்பாலையிலோ வீடு, பழங்காநத்தம் பக்கம் பள்ளி என்று அமைந்துவிட்டால் தினமும் ஆற்றைக் கடக்க வேண்டும். காலை எட்டரை மணிக்குக் கோரிப்பாளையம் எப்படி இருக்கும் என்பதை ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருபவர்கள் அறிய முடியாது. வேலைநாள் ஒன்றில் காலை எட்டு மணிக்கு வீட்டிலிருந்து பள்ளிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். வேன் என்றால், அந்த வழித்தடத்தில் உங்கள் நிறுத்தம் எத்தனையாவது என்று கேளுங்கள். முதலில் ஏறும் பிள்ளை மற்ற எல்லா நிறுத்தங்களையும் சுற்றிவிட்டுத்தான் பள்ளிக்குப் போகும். நேர்வழியில் இருபது நிமிட தூரம் ஒரு மணி நேரப் பயணமாகிவிடும். எல்கேஜி பிள்ளைக்கு ஒருவழிப் பயணம் அரை மணிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

அடுத்தது வயதுக் கணக்கு. இங்கேதான் ஒரு வருடமே கைநழுவிப் போகிறது. தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்புக்கு ஜூலை 31 அன்று ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும். கேந்திரிய வித்யாலயாவில் மார்ச் 31 அன்று ஆறு வயது. மதுரையில் நரிமேட்டிலும் திருப்பரங்குன்றத்திலும் கேந்திரிய வித்யாலயா உண்டு என்பதால் மத்திய அரசு வேலையில் வருபவர்கள் இந்தக் கணக்கைச் சரியாகப் போட வேண்டும். 2020 அக்டோபர் 15 அன்று பிறந்த பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். மாநிலப் பாடத்திட்டத்தில் 2026 ஜூனில் ஒன்றாம் வகுப்பு. கேந்திரிய வித்யாலயாவிலோ 2027 ஏப்ரலில்தான். “இப்போதைக்குப் பக்கத்துப் பள்ளியில் ஒன்றாவது படிக்கட்டும், அடுத்த வருஷம் அங்கே இரண்டாவதில் சேர்த்துக்கொள்ளலாம்” என்று நினைத்தால், இரண்டாம் வகுப்புக்கு அங்கே ஏழு வயது கேட்பார்கள். பிள்ளை மறுபடியும் ஒன்றாம் வகுப்பில்தான் உட்கார வேண்டும். தனியார் சிபிஎஸ்இ பள்ளி என்றால் எந்தத் தேதியை வைத்து வயது பார்க்கிறார்கள், கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறதா ஜூனிலா என்ற இரண்டையும் முன்பே கேட்டுவிடுங்கள்.

காகிதங்களில் பெரிய சிக்கல் பிறப்புச் சான்றிதழ். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். அதனால் பிள்ளையின் பிறப்பு, அம்மாவின் ஊர் நகராட்சியிலோ பேரூராட்சியிலோ பதிவாகியிருக்கும். பெயர் சேர்க்காமல் விட்டிருந்தாலோ எழுத்துப்பிழை இருந்தாலோ திருத்தம் அந்த ஊர்ப் பதிவாளர் வழியாகத்தான் நடக்க வேண்டும். மதுரை மாநகராட்சி அலுவலகத்தில் கேட்டுப் பயனில்லை. பெயரில்லாத பதிவில் ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம், அதன்பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பிறந்த தேதிக்கான ஒரே சான்று பிறப்புச் சான்றிதழ்தான் என்று சட்டம் சொல்கிறது. ஆகவே சாமான் கட்டுவதற்கு முன்பே அதை எடுத்துப் பாருங்கள். ஆதாரிலும் அதே பெயர், அதே எழுத்து, அதே இனிஷியல் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒன்றில் வெறும் பெயர், இன்னொன்றில் அப்பா பெயர் முழுதாக ஒட்டியது என்று இருந்தால், இன்று பதிவேட்டில் ஏறும் அந்தப் பிழை பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வரை கூடவே வரும்.

பிள்ளை ஏற்கெனவே எல்கேஜி, யுகேஜி படித்திருந்தால் டிசி வாங்குவதோடு வேலை முடிந்துவிடாது. தமிழ்நாட்டுக்குள் மாறுபவர்கள், பள்ளிக்கல்வித் துறையின் மாணவர் விவரத் தளமான எமிஸில் பழைய பள்ளி பிள்ளையைக் ‘காமன் பூலு’க்கு, அதாவது வேறு பள்ளி எடுத்துக்கொள்வதற்கான பொதுப் பட்டியலுக்கு, விடுவித்துவிட்டதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். விடுவிக்காதவரை புதிய பள்ளி தன் பட்டியலில் சேர்க்க முடியாது. வெளிமாநிலத்திலிருந்து வருபவர்கள் பிள்ளையின் ‘பென்’ எண்ணை (நாடு முழுவதும் செல்லும் நிரந்தர மாணவர் எண்) குறித்து வாங்கி வாருங்கள். ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை, டிசி தாமதமாவதைக் காரணம் காட்டி அரசுப் பள்ளியோ அரசு உதவிபெறும் பள்ளியோ சேர்க்கையை மறுக்கக் கூடாது என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு. பிள்ளையைப் பரீட்சை வைத்தோ பெற்றோரை நேர்காணல் செய்தோ தேர்ந்தெடுக்கக் கூடாது என்பது 13ஆம் பிரிவு. ஆகவே ‘இன்டர்வியூ’வுக்கென்று நாலு வயதுப் பிள்ளையை உருப்போட வைக்க வேண்டாம்.

அதே சட்டப்படி தனியார் பள்ளிகளில் நலிந்த பிரிவினருக்கு உள்ள 25 சதவீத ஒதுக்கீட்டை நம்பி வருபவர்கள் இரண்டு இடங்களில் தவறுகிறார்கள். முதலாவது முகவரி. பள்ளி வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். விண்ணப்பிக்கும்போது புதிய முகவரிக்கான சான்று கையில் இல்லாவிட்டால் வாய்ப்பு போய்விடும். வாடகை ஒப்பந்தம் போட்டவுடன் ஆதார் முகவரியை மாற்றிவிடுங்கள். இரண்டாவது வகுப்பு. அந்தப் பள்ளியின் தொடக்க வகுப்புக்கு மட்டுமே ஒதுக்கீடு. எல்கேஜியில் தொடங்கும் பள்ளியில் யுகேஜிக்குக் கேட்டால் கிடைக்காது. சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு இது பொருந்தாது.

நடந்து போகும் தூரத்தில் மாநகராட்சித் தொடக்கப்பள்ளியோ ஊராட்சி ஒன்றியப் பள்ளியோ இருந்தால் அதை உள்ளே போய்ப் பார்க்காமலே தள்ளிவிடாதீர்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில்தான் தொடங்கிவைக்கப்பட்டது; இருவரும் வேலைக்குப் போகும் வீட்டுக்கு அது பெரிய ஆறுதல். எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர்கள் என்று கேளுங்கள். அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்களாவது இருக்க வேண்டும் என்பது சட்டத்தின் கணக்கு.

இனி, குடிபோகும் மாதம். ஆனி, ஆடியில் புதுவீடு போகக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வதால் வைகாசியைத் தவறவிட்ட குடும்பங்கள் ஆவணி வரை காத்திருக்கின்றன. பள்ளி திறப்பதோ வைகாசிக்குள். 2024இல் ஜூன் 10, 2025இல் ஜூன் 2. ஆவணியில் வரும் பிள்ளை, இரண்டு மாதத்துக்கு மேல் பழகிவிட்ட வகுப்புக்குள் தனியாக நுழைகிறது. வைகாசிக் கடைசியில் அவசரமாகச் சாமான் இறக்கி, மறுநாளே பள்ளிக்கு அனுப்புவதும் தவறு. புதுவீடு, புதுத்தெரு, பாட்டி இல்லாத பகல் எல்லாவற்றோடும் பள்ளியையும் சேர்த்துப் பிள்ளை தலையில் இறக்காதீர்கள். பள்ளி திறக்க மூன்று வாரமாவது இருக்கும்போது வந்துவிடுங்கள். சித்திரையில் வருவதானால் அழகர் ஆற்றில் இறங்கும் நாளையும் அதற்கு முன்பின் நாட்களையும் விட்டுவிடுங்கள். தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கம் சாமான் வண்டி நுழையாது.

அந்த மூன்று வாரத்தில் அ, ஆ எழுத வைப்பதைவிட முக்கியமானவை உண்டு. வெளிமாநிலத்தில் வளர்ந்த பிள்ளைக்கு “இங்கிட்டு வா”, “அங்கிட்டு உக்காரு” புரிய வேண்டும். ஒண்ணுக்கு, ரெண்டுக்கு வந்தால் ஆசிரியருக்குப் புரியும் சொல்லில் கேட்கத் தெரிய வேண்டும். தெரியாமல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்து, உடையிலேயே போய்விட்டு, மறுநாள் பள்ளிக்கே வர மறுக்கும் பிள்ளைகள் பலர். அடுக்குமாடி வீட்டு வெஸ்டர்ன் டாய்லெட் மட்டுமே பழகிய பிள்ளை, பள்ளியில் குத்தவைத்து உட்காரும் கழிப்பறையைக் கண்டு மிரளும், முன்பே பழக்குங்கள். டிபன் டப்பாவையும் தண்ணீர் பாட்டிலையும் தானே திறந்து மூட வருகிறதா என்று பாருங்கள். ஜூன் மாத மதுரை வெயிலில் பாட்டிலைத் திறக்கத் தெரியாத பிள்ளை தண்ணீர் குடிக்காமலே வீடு திரும்பும். ஐந்து முதல் ஆறு வயதுக்குள் போட வேண்டிய டிபிடி ஊக்கத் தடுப்பூசியையும் இந்த நாட்களிலேயே ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டுவிடலாம், கட்டணமில்லை. பழைய தடுப்பூசி அட்டையைச் சாமான் மூட்டையில் போட்டுவிடாமல் கைப்பையில் வையுங்கள்.

தனியார் பள்ளி என்றால், பணம் கட்டும் முன் அந்தப் பள்ளிக்கு அரசின் கட்டண நிர்ணயக் குழு வகுத்த தொகை எவ்வளவு என்று கேளுங்கள். வேன், புத்தகம், சீருடை ஒவ்வொன்றுக்கும் தனி ரசீது வாங்குங்கள்.

பலர் மறந்துவிடுவது முகவரி. பிள்ளைக்குப் பழைய ஊர்த் தெருப் பெயர்தான் மனப்பாடம். வழிதவறினால் அதைத்தான் சொல்லும். புதுத்தெருவின் பெயர், பக்கத்தில் உள்ள கோயில் அல்லது கடை, அம்மாவின் செல்போன் எண் மூன்றையும் தினமும் சொல்லவைத்துப் பழக்குங்கள். எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பையின் உள்ளறையிலும் வையுங்கள். மாலையில் யார் யார் வந்து கூட்டிப்போவார்கள் என்று பள்ளியில் எழுதிக் கொடுத்து, அவர்களை வகுப்பு ஆசிரியருக்கு முதல் நாளே நேரில் காட்டிவிடுங்கள்.