விஆர் வீடியோ கேமரா: பணம் கட்டுவதற்கு முன் போடவேண்டிய கணக்கு

ஹெட்செட் மாட்டிக்கொண்டு தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் வீடியோவை எடுப்பது விஆர் கேமரா. 500 டாலருக்கும் அது கிடைக்கிறது, 30,000 டாலருக்கும் கிடைக்கிறது. இரண்டின் விளம்பரத்திலும் '8கே' என்றே போட்டிருக்கிறார்கள். புதிதாக வருகிறவர் குழம்பாமல் என்ன செய்வார்? ஒரு கேமரா அதன் விலைக்குத் தகுமா என்று பார்க்க நான் போடும் கணக்கை வரிசையாக எழுதுகிறேன். கையில் ஒரு ஹெட்செட் இருக்கிறது, சாதாரண வீடியோ எடிட்டிங் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: 180ஆ, 360ஆ என்று முதலில் முடிவெடுங்கள்

360 என்றால் சுற்றிலும் 360 டிகிரியும் பதிவாகும், 180 என்றால் முன்பக்கப் பாதி மட்டும். விலையைப் பார்ப்பதற்கு முன்பே இது முடிந்திருக்க வேண்டும். பார்க்கிறவர் திரும்பிப் பின்பக்கம் பார்ப்பதற்கு அங்கே ஏதாவது இருக்கிறதா? குகை, காடு, கூட்டத்தின் நடுப்பகுதி மாதிரி இடமே விஷயமாக இருந்தால் 360. ஒருவர் பேசுகிறார், ஆடுகிறார், சமைக்கிறார் என்றால் 180 போதும்.

என்னைக் கேட்டால் புதியவர்களுக்கு 180தான். லைட்டையும் ஆட்களையும் கேமராவுக்குப் பின்னால் நிறுத்திக்கொள்ளலாம். ஸ்டிச்சிங், அதாவது பல லென்ஸின் படங்களை ஒன்றாகத் தைக்கும் வேலை, கிடையாது. பல லென்ஸ் வைத்த 360 கேமராவில் ஆள் ஒன்று ஒன்றரை மீட்டருக்குள் வந்துவிட்டால், இரண்டு லென்ஸ் சேரும் கோட்டில் முகம் உடைந்து தெரியும். அதைச் சரிசெய்ய ஆகும் நேரத்தை எந்த விலைப்பட்டியலும் சொல்லாது.

படி 2: ஒரு டிகிரிக்கு எத்தனை பிக்சல்?

எல்லோரும் தடுமாறும் இடம் இது, நிதானமாகப் போவோம். டிவியில் 8கே என்றால் 7,680 பிக்சலும் கண்ணுக்கு முன்னால் இருக்கும். 360 வீடியோவில் அதே 7,680 பிக்சல் உங்களைச் சுற்றி ஒரு முழு வட்டத்துக்குப் பரவுகிறது. 7,680ஐ 360ஆல் வகுத்தால் டிகிரிக்கு 21. 5.7கே கேமராவில் 5,760ஐ வகுத்தால் 16. 4கே என்றால் 11கூட வராது. சற்றுத் தள்ளி நிற்பவரின் கண் எது புருவம் எது என்றே தெரியாது.

இப்போது ஹெட்செட்டின் எண்ணைப் பக்கத்தில் வையுங்கள். மெட்டா க்வெஸ்ட் 3 டிகிரிக்குச் சுமார் 25 பிக்சல் காட்டும். நல்ல பார்வை உள்ள கண் சுமார் 60 வரை பிரித்தறியும். அதாவது 21 வந்தால் க்வெஸ்டுக்குக் கிட்டத்தட்டச் சரி, 16 மங்கல். அதே சமயம் பார்வையாளர்கள் எல்லோரும் க்வெஸ்டில்தான் பார்க்கப்போகிறார்கள் என்றால், டிகிரிக்கு 40 பிக்சல் தரும் கேமராவுக்குக் கொடுக்கும் பணத்தில் பாதி அவர்கள் கண்ணுக்குப் போய்ச் சேரவே சேராது.

இதை வைத்துச் சில கேமராக்களைப் பார்க்கலாம். விலையெல்லாம் அறிமுகமானபோது அறிவித்தது.

இன்ஸ்டா360 எக்ஸ்4 (2024, 500 டாலர்): 8கே 360, டிகிரிக்கு 21. ஆனால் மானோ. இரண்டு கண்ணுக்கும் ஒரே படம்தான் போகும், ஆழம் தெரியாது.

இன்ஸ்டா360 ப்ரோ 2 (2018, 5,000 டாலர்): ஆறு லென்ஸ், அதே 21, ஆனால் கண்ணுக்குக் கண் தனிப் படம் (இதைத்தான் ஸ்டீரியோ என்பார்கள்). கூடுதலாகக் கொடுக்கும் 4,500 டாலரும் பெரும்பாலும் இந்த ஆழத்துக்குத்தான்.

கேனான் ஆர்5 உடலும் ஆர்எஃப் 5.2 எம்எம் இரட்டை ஃபிஷ்ஐ லென்ஸும், அதாவது கண்ணுக்கு ஒன்றாக மிக அகலமாகப் படம் பிடிக்கும் ஜோடி லென்ஸும் (உடலும் லென்ஸும் சேர்ந்து 5,900 டாலர் சுமார்): 180 மட்டும், ஒவ்வொரு கண்ணுக்கும் டிகிரிக்கு 20ஐ ஒட்டி வரும். பிக்சல் எண்ணிக்கை ப்ரோ 2 மாதிரியே இருந்தாலும் பெரிய சென்சார் என்பதால் மங்கிய வெளிச்சத்தில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். லென்ஸைக் கழற்றிவிட்டுச் சாதாரண வேலைக்கும் அதே கேமராவை வைத்துக்கொள்ளலாம். என் ஓட்டு இதற்குத்தான்.

பிளாக்மேஜிக் உர்சா சினி இம்மர்சிவ் (2024 டிசம்பரில் முன்பதிவு, 29,995 டாலர்): ஒரு கண்ணுக்கே 8,160 x 7,200 பிக்சல், விநாடிக்கு 90 ஃப்ரேம். கேனானைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு துல்லியம். ஆப்பிளின் விஷன் ப்ரோ ஹெட்செட்டை மனதில் வைத்துச் செய்த கேமரா. அந்தத் தளத்துக்குப் படம் கேட்டு, அதற்குப் பணமும் தரும் வாடிக்கையாளர் இல்லாவிட்டால் இந்தப் பக்கம் போகவேண்டாம்.

ஃப்ரேம் ரேட்டையும் கூடவே பாருங்கள். ஆர்5 தரும் 8கே, விநாடிக்கு 30 ஃப்ரேமோடு நின்றுவிடும். உட்கார்ந்து பேசுபவருக்கு அது போதும். நடனம், விளையாட்டு என்றால் ஹெட்செட்டில் கை வீச்சு தெறித்துத் தெறித்துத் தெரியும், 60 வேண்டும். ஆர்5 சி மாடல் 8கேயில் 60 தரும், ஆனால் வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்கவேண்டும். அப்புறம் அந்தக் கேபிளை எங்கே ஒளிப்பது என்று யோசிக்கவேண்டி வரும்.

படி 3: மாதிரி ஃபைலை உங்கள் ஹெட்செட்டில் போட்டுப் பாருங்கள்

யூடியூபில் பார்த்து முடிவெடுக்காதீர்கள், அங்கே சுருக்கிவிடுவார்கள். கேமராவிலிருந்து நேராக வந்த ஃபைலை வாங்கி, ஹெட்செட்டுக்கு ஏற்றபடி நீங்களே மாற்றிப் பாருங்கள். கண் வலித்தாலோ, நெருங்கி நிற்பவர் சுவருக்குள் குழிந்திருப்பதுபோலத் தெரிந்தாலோ, முதலில் இடது கண் படமும் வலது கண் படமும் இடம் மாறியிருக்கிறதா என்று சோதியுங்கள். கேனான் லென்ஸில் இது கட்டாயம் வரும். இரண்டு லென்ஸும் ஒரே சென்சாரில் விழுவதால், இடது லென்ஸின் படம் ஃபைலில் வலப்பக்கமும் வலது லென்ஸின் படம் இடப்பக்கமும் பதிவாகும். கேனானின் இஓஎஸ் விஆர் யுடிலிட்டி என்ற மென்பொருள் மாற்றிக் கொடுத்துவிடும். நேராக வேறு எடிட்டிங் மென்பொருளில் போட்டால் நாம்தான் மாற்றவேண்டும்.

ஹெட்செட் இல்லாமலே கண்டுபிடிக்க வழி உண்டு. முகத்துக்கு முன் ஒரு விரலை நீட்டி, வலது கண்ணை மூடுங்கள். விரல் பின்புறச் சுவரை ஒப்பிட்டு வலப்பக்கம் நகர்ந்து தெரியும். இடது கண்ணை மூடினால் இடப்பக்கம் நகரும். வீடியோவிலும் அதேதான்: இடது கண்ணுக்கான படத்தில் அருகில் இருக்கும் பொருள் பின்னணியைவிட வலப்பக்கம் தள்ளி இருக்கவேண்டும். தலைகீழாக இருந்தால் மாற்றுங்கள். கேமராவைக் குறை சொல்லித் திருப்பிக் கொடுக்கும் முன் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

படி 4: கேமராவுக்கு வெளியே ஆகும் செலவு

ப்ரோ 2 ஒவ்வொரு லென்ஸுக்கும் விநாடிக்கு 120 மெகாபிட் வரை எழுதும். ஆறு லென்ஸுக்கு 720, அதாவது நிமிடத்துக்கு ஐந்தரை ஜிபி சுமார். ஆறு மைக்ரோ எஸ்டி, ஒரு எஸ்டி, ஆக ஏழு கார்டு. ஒரு மைக்ரோ எஸ்டி மக்கர் செய்தால் ஒரு திசையே போச்சு, மீதி ஐந்தை வைத்து ஒன்றும் செய்யமுடியாது. கார்டில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

ஆர்5இன் உயர்ந்த 8கே பதிவு ('ரா' எனும் பதப்படுத்தாத பதிவு அல்லாதது) விநாடிக்கு 1,300 மெகாபிட். ஒரு மணி நேரத்துக்கு 585 ஜிபி. உர்சாவில் 8 டிபி நினைவகம் கூடவே வருகிறது, அதுவும் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் தாங்கும். எதுவானாலும் இரண்டு பிரதி வைக்கவேண்டும் என்பதால் ஹார்ட் டிஸ்கை இரட்டிப்பாகக் கணக்கில் சேருங்கள். எட்டு ஆண்டு பழைய லேப்டாப்பில் 8கே ஸ்டீரியோ ரெண்டர் போட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. எடிட்டிங்குக்கு எனக்குப் பிடித்தது டாவின்சி ரிசால்வ் ஸ்டுடியோ. ஒருமுறை வாங்கினால் போதும், மாதச் சந்தா இல்லை.

படி 5: வாடகையா, சொந்தமா?

வாங்கும் விலையிலிருந்து, இரண்டு ஆண்டு கழித்து விற்றால் கிடைக்கக்கூடியதைக் கழியுங்கள். மீதியை அந்த இரண்டு ஆண்டில் நிச்சயமாகப் படம் பிடிக்கும் நாட்களால் வகுங்கள். 6,000 டாலருக்கு வாங்கி 3,000க்கு விற்பீர்கள், 30 நாள் வேலை என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 100 டாலர். அதைவிட வாடகை குறைவென்றால் வாடகைதான். 'நிச்சயமாக' என்ற சொல்லில் கையை வைத்துச் சொல்கிறேன்: வரக்கூடும் என்று நினைக்கும் வேலைகளைச் சேர்க்காதீர்கள்.

விற்கும் விலையைத் தாராளமாகப் போடவும் கூடாது. நோக்கியா ஓசோ என்ற விஆர் கேமரா 2015இல் 60,000 டாலர் என்று அறிவிக்கப்பட்டது. 2016லேயே 45,000 ஆனது. 2017 அக்டோபரில் அதன் மேம்பாட்டையே நோக்கியா நிறுத்திவிட்டது. 16 கேமராக்களைக் கட்டிச் செய்த கோப்ரோ ஒடிசி (15,000 டாலர்), 17 கேமரா வைத்த யி ஹாலோ (17,000 டாலர்) இரண்டும் ஸ்டிச்சிங்குக்குக் கூகுளின் ஜம்ப் சேவையை நம்பியிருந்தன. 2019இல் ஜம்ப் மூடப்பட்டது. கேமராவில் ஒரு கீறல் இல்லை, ஆனால் அது எந்த வேலைக்காக வாங்கப்பட்டதோ அது நின்றுபோனது. பழைய கேமரா மலிவாகக் கிடைக்கிறது என்று தாவுவதற்கு முன், அதன் மென்பொருள் இணையம் இல்லாமல் உங்கள் கணினியிலேயே ஓடுகிறதா என்று ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

பின்சேர்க்கை: ஐபோன் 15 ப்ரோவில் 'ஸ்பேஷியல் வீடியோ' எடுக்கலாமே, இவ்வளவு செலவு எதற்கு என்று சிலர் கேட்டார்கள். அதுவும் ஸ்டீரியோதான். ஆனால் 1080பி, 30 ஃப்ரேம், கண் முன் ஒரு ஜன்னல் அளவு மட்டும். 180 டிகிரி கிடையாது. குடும்ப வீடியோவுக்கு அருமை, வாடிக்கையாளர் 'இம்மர்சிவ்', அதாவது பார்ப்பவரைச் சூழ்ந்து தெரியும் வீடியோ, என்று கேட்டால் இதைக் கொடுக்க முடியாது. வேலையை ஒப்புக்கொள்ளும்போதே எத்தனை டிகிரி, எந்த ஹெட்செட், விநாடிக்கு எத்தனை ஃப்ரேம் என்ற மூன்றையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: இஓஎஸ் விஆர் யுடிலிட்டியில் நீளமான வீடியோவை மாற்றுவதற்குச் சந்தா கட்டவேண்டும். அதையும் படி 4இல் சேர்த்துக்கொள்ளுங்கள்.