தைலத்துக்கு விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுதலாமா?

ஒரு தைலமோ சத்துமாவோ நமக்கு நன்றாகக் கேட்கிறது என்பதற்காக விக்கிப்பீடியாவில் அதற்குத் தனிக் கட்டுரை போட முடியாது. விற்பவருக்குத் தொடர்பில்லாத யாராவது அதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். நாளிதழில் வந்திருந்தாலும் கவனம் தேவை. மூலையில் பொடி எழுத்தில் 'விளம்பரம்' என்று இருக்கும், இல்லையென்றால் நிறுவனத்தின் அறிக்கையே வரி மாறாமல் அச்சாகியிருக்கும். இவையெல்லாம் கணக்கில் வராது. சத்துமாவு டப்பாவில் உள்ள 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண்ணும் வெறும் உரிம எண்தான்.

அமிர்தாஞ்சன் விஷயம் வேறு. 1893இல் பத்திரிகையாளரும் விடுதலைப் போராட்ட வீரருமான காசிநாதுனி நாகேஸ்வர ராவ் தொடங்கியது; அவர் வரலாற்றை எழுதுகிறவர்கள் அதையும் சேர்த்தே எழுதுகிறார்கள்.

அப்புறம், 'மூட்டுவலி தீரும்' போன்ற வரிக்குச் செய்தித்தாள் போதாது, மருத்துவ ஆய்விதழின் மீளாய்வுக் கட்டுரை, அதாவது பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் கட்டுரை, வேண்டும். கிடைக்கவில்லையா, அந்த வரியை எடுத்துவிடுங்கள். வலியோடு இருப்பவர்கள் அதை நம்பிப் படிக்கிறார்கள்.