மெயிலில் வந்த எக்செல் ஃபைல் திறக்கவில்லையா?

மெயிலில் வரும் ஃபைலை அங்கேயே டபுள் கிளிக் செய்யாதீர்கள். முதலில் டவுன்லோட் செய்து, அது என்ன வகை ஃபைல் என்று பாருங்கள்.

1. பெயரின் வாலைப் பாருங்கள்

ஃபைல் பெயரில் கடைசிப் புள்ளிக்குப் பிறகு வரும் எழுத்துகள்தான் வால், அதாவது எக்ஸ்டென்ஷன். விண்டோஸ் இந்த வாலை வழக்கமாக மறைத்து வைக்கும். விண்டோஸ் 11-இல் ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து வியூ, ஷோ, ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்று போனால் தெரியும். கடைசியில் இஎக்ஸ்இ என்று இருந்தால் அது ஷீட் அல்ல, புரோகிராம்; பேச்சே வேண்டாம், அழித்துவிடுங்கள். எக்ஸ்எல்எஸ்எம் என்றால் உள்ளே மேக்ரோ (ஷீட்டுக்குள் இயங்கும் குட்டி புரோகிராம்) இருக்கலாம். அனுப்பியவருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டபிறகு திறங்கள்.

எக்ஸ்எல்எஸ் என்பது பழைய வகை, 65,536 வரிசைகள்தான் கொள்ளும். எக்செல் 2007-உடன் வந்த எக்ஸ்எல்எஸ்எக்ஸில் 10,48,576 வரிசைகள் வரை போகலாம். ஓடிஎஸ் (ஓப்பன்டாக்குமெண்ட் வகை ஷீட்) வந்தால் லிப்ரே ஆபீஸ் கால்க் இலவசமாகவே திறக்கும், கூகுள் ஷீட்ஸும் திறக்கும். ஆப்பிள் நம்பர்ஸ் ஃபைலோடு மல்லுக்கட்ட வேண்டாம். எக்செலாக எக்ஸ்போர்ட் செய்து அனுப்பச் சொல்லுங்கள். வின்மெயில்.டாட் என்று ஏதாவது வந்தால், அனுப்பியவரின் அவுட்லுக் ரிச் டெக்ஸ்ட் என்ற மெயில் வடிவத்தில் இருக்கிறது என்று அர்த்தம். எச்டிஎம்எல்லுக்கு மாற்றி மறுபடி அனுப்பட்டும்.

2. 'ஃபார்மேட்டும் எக்ஸ்டென்ஷனும் பொருந்தவில்லை' என்று எக்செல் சொன்னால்

ஃபைலை நோட்பேடில் திறந்து முதல் வரியைப் பாருங்கள். பி, கே என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளில் தொடங்கினால் அது பெரும்பாலும் எக்ஸ்எல்எஸ்எக்ஸ்தான், வாலை மட்டும் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்று மாற்றினால் போதும். (எக்ஸ்எல்எஸ்எக்ஸ் உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். ஜிப்பை உருவாக்கிய பில் காட்ஸின் இனிஷியல்தான் அந்த பி, கே.) எச்டிஎம்எல், டேபிள் போன்ற சொற்கள் தெரிந்தால், ஏதோ இணையதளம் தன் பக்கத்தையே எக்ஸ்எல்எஸ் என்று பெயர் வைத்துக் கொடுத்திருக்கிறது. நம்பகமான இடத்திலிருந்து வந்ததென்றால் 'யெஸ்' கொடுத்துத் திறந்து, சேவ் ஆஸில் எக்ஸ்எல்எஸ்எக்ஸாகச் சேமியுங்கள்.

3. சிஎஸ்வி: திறக்காதீர்கள், இம்போர்ட் செய்யுங்கள்

அதிகம் ஏமாற்றுவது இதுதான். பார்க்க எக்செல் ஐகானோடு இருக்கும். உள்ளே வெறும் எழுத்தும் காற்புள்ளியும்தான். டபுள் கிளிக் செய்தால் எக்செல் தன் இஷ்டத்துக்கு ஊகிக்கும். தமிழ்ப் பெயர்கள் வாய்க்குள் நுழையாத ஐரோப்பிய எழுத்துகளாகிவிடும். கணக்கு எண்ணின் முன்னால் இருக்கும் சைபர்கள் பறந்துவிடும். 12 இலக்க ஆதார் எண் 'இ+11' என்று முடியும். 15 இலக்கத்துக்கு மேல் போனால் இன்னும் மோசம்: 16 இலக்க கார்டு எண்ணின் கடைசி இலக்கம் சைபராகிவிடும். அப்படியே சேமித்தால் போனது போனதுதான்.

அதனால்:

- எக்செலில் புது ஷீட்டைத் திறந்து, டேட்டா டேபில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி'யை அழுத்துங்கள்.
- ஃபைலைத் தேர்ந்தெடுத்ததும் வரும் பெட்டியில் 'ஃபைல் ஆரிஜின்' என்ற இடத்தில் 65001 யூனிகோட் (யுடிஎஃப்-8) கொடுங்கள். தமிழ் அங்கேயே சரியாகத் தெரியும்.
- 'டேட்டா டைப் டிடெக்ஷன்' என்பதில் 'டு நாட் டிடெக்ட்' தேர்வு செய்து லோட் கொடுங்கள். எண்கள் வந்தது வந்தபடியே நிற்கும். கூட்ட வேண்டிய தொகை நெடுவரிசையை மட்டும் பிறகு எண்ணாக மாற்றிக்கொள்ளலாம்.

கூகுள் ஷீட்ஸில் இம்போர்ட் செய்தால், எழுத்தை எண்ணாகவும் தேதியாகவும் மாற்றச் சொல்லும் டிக்கை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் 03/04 ஏப்ரல் மூன்றா மார்ச் நான்கா என்ற சண்டை வரும்.

4. எல்லாம் திறந்தும் தமிழ் மட்டும் வரவில்லையா?

பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சாதாரண ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்து கிடந்தால் ஃபைலில் கோளாறு இல்லை. பாமினி போன்ற பழைய ஃபாண்டில் தட்டச்சு செய்திருக்கிறார்கள். அந்த ஃபாண்டை நிறுவினால் திரையில் படிக்கலாம். ஆனால் தேடவோ, அகர வரிசைப்படுத்தவோ சரிவராது. என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற எழுத்துமாற்றிச் செயலி ஒன்றில் போட்டு, தனி ஃபாண்ட் இல்லாமலே தமிழாகத் தெரியும் யூனிகோடுக்கு மாற்றுவதே மேல். மாற்றும்போது தமிழ் நெடுவரிசைகளை மட்டும் காப்பி செய்யுங்கள். ஐஎஃப்எஸ்சி கோடும் மெயில் முகவரியும் சேர்ந்து போனால் அவையும் அர்த்தமில்லாத தமிழாகித் திரும்பும்.