ஸ்லிட் மாஸ்க் சீரமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையைச் சுற்றியுள்ள கல்லூரிகளில் படித்து வானியற்பியல் ஆய்வுக்கு வரும் மாணவர்கள் சிலர், இப்போது ஊரில் அமர்ந்தபடியே ஸ்லிட் மாஸ்க் (பிளவுகள் வெட்டிய தகடு) வடிவமைக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் சதர்லாந்தில் உள்ள சால்ட் தொலைநோக்கியில் புனேயில் உள்ள ஐயூக்கா வானியல் ஆய்வு மையம் பங்குதாரராக இருப்பதால், இந்தியாவிலிருந்து விண்ணப்பித்து அங்கே நேரம் பெற முடிகிறது. ஒரு மெல்லிய தகட்டில் வெட்டிய பல பிளவுகள் வழியே பல கேலக்ஸிகளின் நிறமாலையை ஒரே நேரத்தில் பதிவு செய்யும் முறை இது. ஒவ்வொரு பிளவின் அகலமும் ஓர் ஆர்க்செகண்டு (ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு) அளவில்தான் இருக்கும் என்பதால், தகடு வானத்தோடு அதைவிட நுட்பமாகப் பொருந்த வேண்டும்.

நாங்கள் கற்றுக்கொண்ட காலத்தில் செய்த அதே பிழைகளைப் புதியவர்களும் வரிசையாகச் செய்வதைப் பார்ப்பதால் இதை எழுதுகிறேன். தகட்டைத் திருப்பிச் செருகுவது, தவறான தகட்டை எடுப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை முதல் படத்திலேயே தெரிந்துவிடும்.

சீரமைப்பு விண்மீன்களை ஒரே பக்கத்தில் தேர்வது

தகட்டில் பிளவுகளைத் தவிர, சீரமைப்பு விண்மீன்களுக்கென்று சில சதுரத் துளைகளும் வெட்டப்படுகின்றன. அந்த விண்மீன்கள் துளைகளின் நடுவில் வந்து நிற்கும்வரை தொலைநோக்கியை நகர்த்தியும் சுழற்றியும் சரிசெய்கிறோம். நல்ல விண்மீன்கள் ஒரே மூலையில் கிடைக்கின்றன என்பதற்காக அங்கேயே எல்லாத் துளைகளையும் வைத்தால், நகர்வு சரியாகும், சுழற்சி சரியாகாது. ஓர் ஆர்க்நிமிட (60 ஆர்க்செகண்டு) இடைவெளியில் உள்ள இரு விண்மீன்களின் மையங்களை அளப்பதில் 0.2 ஆர்க்செகண்டு பிழை வந்தால், கோணத்தில் அது ஏறத்தாழ 0.2 பாகை ஆகிறது. சால்ட்டின் பார்வைப் புலம் 8 ஆர்க்நிமிட விட்டமுடையது. அதன் ஓரத்தில், மையத்திலிருந்து 4 ஆர்க்நிமிடத் தொலைவில், அதே பிழை 0.8 ஆர்க்செகண்டாக வளர்ந்துவிடும். ஓரத்துக் கேலக்ஸிகள் அப்படியே பிளவுக்கு வெளியே போய்விடும்.

விண்மீன்களை ஒரு பட்டியலிலிருந்தும் கேலக்ஸிகளை வேறொரு படத்திலிருந்தும் எடுப்பது

இதுதான் எனக்கு இன்றும் எரிச்சலூட்டும் தவறு. மற்ற பிழைகள் சீரமைப்பின்போதே ஏதாவதொரு வகையில் தலைகாட்டிவிடும். இது மட்டும் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே கடைசிவரை நடந்துகொள்ளும்.

மாணவி ஒருவர், தொலைவிலுள்ள ஒரு கேலக்ஸிக் கொத்துக்குத் தகடு வடிவமைத்திருந்தார். மங்கலான கேலக்ஸிகளின் இடங்களை ஓர் ஆழமான பழைய படத்திலிருந்து எடுத்திருந்தார். அந்தப் படத்தின் ஆயத்தொலைவுகள் ஒரு பழைய விண்மீன் பட்டியலோடு பொருத்தப்பட்டவை. சீரமைப்பு விண்மீன்களை மட்டும், துல்லியமானது என்று கேள்விப்பட்டதால், கையா விண்கலம் அளந்த விண்மீன்களின் டிஆர்3 பட்டியலிலிருந்து எடுத்தார். சதர்லாந்தில் இரவு ஒன்பது மணி என்றால் மதுரையில் நள்ளிரவு பன்னிரண்டரை. மறுநாள் காலை சீரமைப்புப் படம் வந்ததும் என்னிடம் ஓடி வந்து காட்டினார். "சார், நாலு நட்சத்திரமும் கட்டத்துக்கு நடுவுல அப்படியே உட்கார்ந்திருக்கு, பாருங்க" என்றார். உண்மையிலேயே அவை நடுவில்தான் இருந்தன. தரவுகளைப் பகுத்தபோதுதான் பெரும்பாலான பிளவுகளில் வானத்தின் ஒளியைத் தவிர வேறெதுவும் இல்லை என்று தெரிந்தது. பழைய படத்தின் ஆயத்தொலைவுச் சட்டகமும் கையாவின் சட்டகமும் ஒன்றுக்கொன்று ஓர் ஆர்க்செகண்டுக்குச் சற்றே குறைவாக விலகியிருந்தன. சதுரத் துளைகள் வானத்தோடு பொருந்தின, பிளவுகள் பொருந்தவில்லை. வெவ்வேறு எல்லைக்கல்லிலிருந்து அளந்த இரண்டு நிலங்களை ஒரே பத்திரத்தில் எழுதியதற்கு ஒப்பானது இது.

தொலைநோக்கியை இயக்குபவரால் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. சீரமைப்புக்கு எடுப்பது சில நொடிப் படம். மங்கலான கேலக்ஸிகள் அதில் தெரிவதில்லை. தெரியும் விண்மீன்கள் அனைத்தும் சரியாக இருக்கின்றன, ஆகவே அவர் பதிவைத் தொடங்குவார். சால்ட்டின் பெரிய கண்ணாடி நிலையான உயரக் கோணத்தில் நிற்பதால், ஒரு புலத்தைத் தொடர்ந்து நோக்கக் கிடைக்கும் வாய்ப்பு குறுகியது. அந்த வாய்ப்பு போனால், தகட்டையும் புதிதாக வெட்ட வேண்டும், அடுத்த பருவத்துக்கும் காத்திருக்க வேண்டும்.

இதற்குள் இன்னொரு கண்ணியும் ஒளிந்திருக்கிறது. கையா டிஆர்3 தரும் இடங்கள் 2016.0 என்ற காலப்புள்ளிக்கு உரியவை. ஆண்டுக்கு 100 மில்லிஆர்க்செகண்டு சுய இயக்கமுள்ள (வானில் தானாக இடம் மாறும்) ஒரு விண்மீன் பத்தாண்டுகளில் ஒரு முழு ஆர்க்செகண்டு நகர்ந்துவிடும், கேலக்ஸி நகராது. ஜே2000 என்று கோப்பில் எழுதியிருப்பதைப் பார்த்து, இடங்களும் 2000ஆம் ஆண்டுக்குரியவை என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். ஜே2000 ஆய அச்சுகள் நிற்கும் திசையைச் சொல்கிறது. விண்மீன் எந்த ஆண்டில் அங்கே இருந்தது என்பதைச் சொல்வதில்லை. திருத்தம் செய்பவர்களும் ஓரிடத்தில் தடுக்கி விழுகிறார்கள்: வல ஏற்றத் திசையில் (வானத்தின் கிழக்கு மேற்குத் திசை) கையா தரும் சுய இயக்கத்தில் நடுவரை விலக்கத்தின் (வான நடுவரையிலிருந்து வடக்கு தெற்காக உள்ள கோணம்) கொசைன் ஏற்கெனவே பெருக்கப்பட்டிருக்கிறது. அதை மறுபடியும் பெருக்கினால், −60 பாகையில் உள்ள புலத்தில் பாதித் திருத்தம்தான் நடக்கும்.

ஆகவே என்னிடம் வரும் மாணவர்களிடம் நான் வற்புறுத்துவது இதுதான். விண்மீன்களையும் கேலக்ஸிகளையும் ஒரே படத்திலிருந்து எடுங்கள். படம் பழையது என்றால், கையா விண்மீன்களைப் படம் எடுத்த தேதிக்குக் கொண்டுபோய் அதன் ஆயத்தொலைவுகளை முதலில் புதிதாகப் பொருத்துங்கள். பிறகு சீரமைப்பு விண்மீன்களை மட்டும் நோக்கும் தேதிக்கு நகர்த்துங்கள். கூடுமானவரை சுய இயக்கம் மிகச் சிறிய விண்மீன்களையே தேர்ந்தெடுங்கள். இரு சட்டகங்களிலும் உள்ள பொதுவான விண்மீன்களின் இட வேறுபாடுகளைப் புலம் முழுவதற்கும் வரைந்து பாருங்கள். பிளவு அகலத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பொதுவான விலகல் தெரிந்தால் கோப்பை அனுப்பாதீர்கள். கேலக்ஸிகளின் படத்திலிருந்தே ஒரு மங்கலான விண்மீனை எடுத்து, அதற்குச் சதுரத் துளை வைக்காமல் மற்றவற்றைப் போன்ற பிளவையே வைத்துவிடுங்கள். முதல் பதிவிலேயே அதன் நிறமாலை எதிர்பார்த்த பொலிவோடு வரவில்லை என்றால், மீதிப் பதிவுகளையாவது காப்பாற்றலாம்.

துளையின் ஓரத்தில் வெட்டுப்பட்ட விண்மீனை அளப்பது

வெட்டுப்பட்ட பிம்பத்தின் மையம் உண்மையான மையம் அன்று. நடுவுக்குக் கொண்டுவந்து மறுபடியும் அளக்க வேண்டும்.

சிவப்பில் பொருத்திவிட்டு நீலத்தில் பதிவெடுப்பது

வளிமண்டலம் நீல ஒளியைச் சிவப்பைவிட அதிகமாக வளைக்கிறது. கடல்மட்டத்திலிருந்து 2 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள ஓரிடத்தில், உச்சியிலிருந்து 48 பாகை சாய்ந்த விண்மீனுக்கு, 4000 ஆங்ஸ்ட்ராம் அலைநீள ஒளியும் 5000 ஆங்ஸ்ட்ராம் அலைநீள ஒளியும் ஏறத்தாழ 0.7 ஆர்க்செகண்டு பிரிந்து விழும். இந்தப் பிரிவை ஈடுசெய்யும் கருவி சால்ட்டில் உண்டு. அது இல்லாத தொலைநோக்கிகளில், எந்த நிறத்தில் நிறமாலை வேண்டுமோ அந்த நிறத்துக்கு நெருங்கிய வடிகட்டியில்தான் சீரமைக்க வேண்டும்.

பிளவுக்குள் வந்தால் போதும் என்று நினைப்பது

திசைவேகம் அளப்பவர்களுக்கு இது போதாது. பிளவின் குறுக்கே பொருள் ஒதுங்கி நின்றால், நிறமாலைக் கோடுகளும் அலைநீளத்தில் நகர்ந்து தெரியும். பிரிதிறன் (நெருங்கிய அலைநீளங்களைப் பிரித்துக் காட்டும் திறன்) 1000 கொண்ட அமைப்பில் பிளவின் முழு அகலம் நொடிக்கு 300 கிலோமீட்டருக்குச் சமம். அதில் கால்பங்கு ஒதுங்கிய ஒரு பொருள், இல்லாத 75 கிலோமீட்டர் வேகத்தைக் காட்டும். வளிமண்டலம் அமைதியாக இருந்து பிம்பம் பிளவைவிடச் சிறிதாக விழும் நல்ல இரவில்தான் இந்தப் பிழை முழுமையாகத் தாக்குகிறது. நமக்கு அருகிலுள்ள கொடைக்கானலில் 1909இல் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். சூரிய வட்டின் மையத்திலிருந்து விளிம்பை நோக்கிச் செல்லும் போக்கில் பிளவை வைத்தால் கோடுகள் சாய்ந்து தெரியும்; அதற்குக் குறுக்கே வைத்தால் அந்தச் சாய்வு ஏறக்குறைய மறைந்துவிடும். பிளவு எங்கே, எந்தப் போக்கில் நின்றது என்று தெரியாமல் ஒரு வேகத்துக்குப் பொருள் சொல்ல முடியாது.

கடைசிச் சீரமைப்புப் படத்தைச் சேமிக்காமல் விடுவது

பிளவுக்குள் இருந்த ஒதுக்கத்தைப் பின்னால் கணக்கிட அந்தப் படம் ஒன்றுதான் சான்று.