பைபோலாருக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வீட்டில் நடக்கும் தவறுகள்

போன வருடம் கத்திரி வெயிலில் என் அண்ணனுக்கு முழங்கால் வலி. தெருமுனை மெடிக்கலில் கேட்டார், டைக்ளோஃபினாக் கொடுத்தார்கள். காலையும் இரவுமாக ஐந்து நாள் போட்டார். நடுவில் இரண்டு நாள் வயிற்றுப்போக்கு வேறு. ஆறாம் நாள் காலை காபி டம்ளரை வாய்வரை கொண்டுபோக முடியவில்லை. கை அப்படி நடுங்கியது, பாதிக் காபி சட்டையில். நடை தள்ளாட, பேச்சு குழற, "ஏண்ணே, குடிச்சிருக்கியா?" என்று நானே கேட்டுவிட்டேன். அவர் குடிப்பவரே இல்லை.

அண்ணனுக்குப் பைபோலார், அதாவது மனம் சில காலம் அளவுக்கு மீறி எழுச்சியிலும் சில காலம் மனச்சோர்விலும் இருக்கும் நோய். அதைச் சமநிலையில் வைக்க 18 வருடமாக லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறார். அன்று இரத்தத்தில் லித்தியம் அளவு 2.1. நான்கு நாள் ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றித்தான் இறங்கியது. முழங்கால் மாத்திரைக்கும் மனநோய் மாத்திரைக்கும் என்ன சம்பந்தம் என்று அதுவரை எங்கள் வீட்டில் யாரும் யோசித்ததில்லை.

சம்பந்தம் சிறுநீரகத்தில் இருக்கிறது. லித்தியம் ஒரு உப்பு. சோடியத்தைக் கையாள்வது போலவே அதையும் சிறுநீரகம் கையாள்கிறது. உடம்பில் தண்ணீரோ உப்போ குறைந்தால், சோடியத்தோடு சேர்த்து லித்தியத்தையும் வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். சாதாரணமாக 0.6 முதல் 1.0 வரை வைத்திருக்கப் பார்ப்பார்கள். 1.5-ஐத் தாண்டினாலே ஆபத்து. இடைவெளி அவ்வளவு குறுகியது. டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைப்பதால் அளவு ஏறும். காய்ச்சலுக்கும் வலிக்கும் பொதுவாகப் பாரசிட்டமால் போதும்.

பிரஷர் மாத்திரையிலும் இதே கதைதான். எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் எல்லாமே லித்தியத்தை ஏற்றக்கூடியவை. ஹைட்ரோகுளோரோதயசைடு சேர்ந்தால் இன்னும் கவனம் வேண்டும். பல கூட்டு மாத்திரைகளின் பெயருக்குப் பின்னால் 'ஹெச்' என்று ஒட்டியிருப்பது அதுதான். கொடுக்கவே கூடாது என்பதில்லை. கொடுக்கிற டாக்டருக்கு லித்தியம் விஷயம் தெரிந்திருக்க வேண்டும். பிரஷருக்காக ஒரே நாளில் உப்பை அடியோடு நிறுத்துவதும், தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம் இருப்பதும் லித்தியம் சாப்பிடுகிறவர்களுக்கு ஆகாது. வாந்தி, பேதி என்றால் அன்றே டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.

இரத்தப் பரிசோதனையிலும் ஒரு பிசகு நடக்கும். லித்தியம் அளவு பார்க்க, கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து இரத்தம் எடுக்க வேண்டும். இரவு ஒன்பதுக்குப் போட்டால் காலை ஒன்பதுக்கு, காலை மாத்திரை போடுவதற்கு முன். நாங்கள் ஒருமுறை மாத்திரை போட்டுவிட்டு லேபுக்குப் போனோம். அளவு அதிகமாகக் காட்டியது, டோஸைக் குறைத்தார்கள், இரண்டே மாதத்தில் அண்ணனுக்குத் தூக்கம் போய்விட்டது. விடியற்காலை மூன்று மணிக்கு மொட்டை மாடியில் நின்று புதுத் தொழில் திட்டம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்புறம் தைராய்டு. லித்தியம் அதை மந்தமாக்கலாம். ஆள் சோர்ந்து, எடை போட்டு, எதிலும் நாட்டமில்லாமல் கிடந்தால் "மறுபடி மனச்சோர்வு" என்றே வீட்டில் நினைப்போம். தைராய்டுக்கான இரத்தப் பரிசோதனையான டிஎஸ்ஹெச் பார்க்காமல் அந்த முடிவுக்கு வராதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை டிஎஸ்ஹெச், சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், கால்சியம் மூன்றும் பார்ப்பது நல்லது.

பைபோலாருக்கே கொடுக்கும் வேறு மாத்திரைகளான ஒலான்சபின், குட்டியாபின் சாப்பிடுகிறவர்களுக்கு எடையும் சர்க்கரையும் கொழுப்பும் ஏறக்கூடும். ஆரம்பிக்கும்போதே இடுப்புச் சுற்றளவை இன்ச் டேப்பால் அளந்து எழுதி வையுங்கள். பைபோலார் உள்ளவர்கள் சீக்கிரம் இறந்துபோவதற்கு இதய நோய் ஒரு முக்கியக் காரணம். அவர்கள் நெஞ்சு வலிக்கிறது என்று சொன்னால், ஃபைலைப் புரட்டிவிட்டு "டென்ஷன்தான்" என்று அனுப்பும் டாக்டர்கள் இருக்கிறார்கள். எனக்கு மிகவும் கோபம் வருவது இதில்தான். இசிஜி எடுக்கச் சொல்லி அங்கேயே நில்லுங்கள்.

தொடக்கத்திலேயே நடக்கும் தவறு ஒன்று உண்டு. சோர்ந்து கிடக்கும்போது மட்டும் டாக்டரிடம் போவது, இரண்டு வருடம் முன்பு தூங்காமல், கடன் வாங்கிச் செலவு செய்து, ஓயாமல் பேசித் திரிந்த அந்த மாதத்தைச் சொல்லாமல் விடுவது. வெறும் மனச்சோர்வு என்று நினைத்து அதற்கான மாத்திரையை மட்டும் கொடுத்தால் சிலருக்கு அதுவே எழுச்சியைக் கிளப்பிவிடும். அந்த மாதத்தைக் கூடப் போகிறவர்தான் சொல்ல வேண்டும், நோயாளிக்கு அது நோயாகவே தெரிந்திருக்காது.

பைபோலாருக்குக் கொடுக்கும் இன்னொரு மாத்திரையான வால்ப்ரோயேட் சாப்பிடும் பெண்கள் கர்ப்பம் தரிப்பதற்கு முன்பே டாக்டரிடம் பேச வேண்டும். கர்ப்பத்தில் அதைச் சாப்பிட்டால் சுமார் பத்தில் ஒரு குழந்தை பிறவிக் குறையோடு பிறக்கிறது. கல்யாணப் பேச்சு நடக்கும் வீடுகளில் மாத்திரையையே மறைத்துவிடுவதால் இந்தப் பேச்சு வராமலே போகிறது. அதற்காகத் தானாக நிறுத்திவிடவும் கூடாது. லித்தியமானாலும் சரி, வால்ப்ரோயேட் ஆனாலும் சரி, "இப்பதான் நல்லா இருக்கானே" என்று சட்டென நிறுத்தினால் நோய் வேகமாகத் திரும்பும். லித்தியத்தை நிறுத்தியபின் தற்கொலை ஆபத்தும் கூடும். சாகலாம் என்று ஒருவர் பேச ஆரம்பித்தால் தனியாக விடாதீர்கள். 14416-க்கு அழைத்தால் டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

சலைன் ஏறிய அந்த நான்கு நாளுக்குப் பிறகு ஒரு சின்ன அட்டை எழுதி அண்ணனின் பர்ஸில் வைத்தேன். சாப்பிடும் மாத்திரைகளின் பெயர், டோஸ், கடைசி லித்தியம் அளவு, மனநல டாக்டரின் நம்பர், கீழே சிவப்பு மையில் 'டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வேண்டாம்'. போன மாதம் பல் பிடுங்கப் போன இடத்தில் அண்ணனே எடுத்து நீட்டினார். பல் டாக்டர் படித்துப் பார்த்து, எழுதியிருந்த வலி மாத்திரையை அடித்துவிட்டுப் பாரசிட்டமால் எழுதினார்.