ஸ்டேக் உணவகத்தின் ஒயின் பட்டியலை எடைபோடுவது எப்படி?

எந்த இறைச்சித் துண்டு என்பதை முடிவுசெய்த பிறகே ஒயின் பட்டியலைத் திறக்க வேண்டும். சிவப்பு ஒயினுக்குத் துவர்ப்பைத் தரும் டானின்கள் உமிழ்நீரின் புரதங்களோடு பிணைவதால்தான் நாக்கு வறண்டதுபோல் ஆகிறது; இறைச்சியின் புரதமும் கொழுப்பும் உடன்சேர்ந்தால் அந்தத் துவர்ப்பு தணியும். ஆகவே கொழுப்பு இழையோடும் ரிப்-ஐ துண்டுக்கு டானின் மிகுந்த கேபர்னே சாவின்யான் திராட்சை ஒயினும், கொழுப்பு குறைந்த ஃபிலே துண்டுக்கு டானின் குறைந்த பினோ நுவார் திராட்சை ஒயினும் பொருந்தும். பட்டியலில் இவ்விரு வகையும் இருக்கின்றனவா என்பதே முதல் சோதனை. பக்கம் பக்கமாகக் கலிஃபோர்னியாவின் நாப்பா வட்டாரத்துக் கேபர்னேக்களை மட்டும் அடுக்கியிருக்கும் பட்டியலை நல்ல தேர்வு என்று நான் ஏற்பதில்லை.

அடுத்து ஒவ்வொரு பதிவிலும் தயாரிப்பாளர், வட்டாரம், அறுவடை ஆண்டு ஆகிய மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பட்டியலின் தடிமனைக் கண்டு மயங்குபவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். ‘போர்தோ, சிவப்பு’ என்று பிரான்ஸின் ஒயின் வட்டாரப் பெயரும் நிறமும் மட்டும் எழுதியிருந்தால் அதை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது; ஏனெனில் குளிரும் மழையும் திராட்சையைப் படுத்திய 2013-க்கும், மிகச் சிறந்த ஆண்டாகப் போற்றப்படும் 2016-க்கும் இடையே, ஒரே தோட்டத்து ஒயினிலும் பெரும் வேறுபாடு உண்டு. தயாரிப்பாளரின் பெயர் அறிமுகமில்லாதபோது, சட்டம் வரையறுத்த தரப்பெயர்கள் கைகொடுக்கும்: ஸ்பெயினின் ரியோஹா வட்டாரத்துச் சிவப்பு ஒயின் ‘ரிசர்வா’ என்றால், குறைந்தது 3 ஆண்டுகள் முதிர்ந்தது, அதில் ஓராண்டாவது ஓக் பீப்பாயில் இருந்தது என்று பொருள். பாட்டில் மேசைக்கு வந்ததும், திறப்பதற்கு முன்பே, லேபிளில் உள்ள ஆண்டு பட்டியலில் உள்ளதுதானா என்று சரிபாருங்கள். சரக்கு மாறினாலும் பட்டியலைத் திருத்தாமல் விட்டுவிடும் இடங்கள் உண்டு.

விலையை ஒப்பிட, நட்சத்திர மதிப்பெண் காட்டும் செயலிகளைவிட கடைவிலைகளைத் திரட்டிக் காட்டும் ஒயின்-சர்ச்சர் தளமே எனக்குப் பிடிக்கும். ஊரார் நாவின் விருப்பத்தைவிடக் கடைவிலை நமக்குப் பயன்படும். கடைவிலையைப் போல இரண்டு, மூன்று மடங்கு வைப்பது உணவகங்களின் வழக்கம். அதற்கு மேல் போனால் காரணம் கேட்கலாம்.

கோப்பைக் கணக்கில் விற்கும் ஒயின்களைத் தனியாக மதிப்பிட வேண்டும். 750 மில்லிலிட்டர் பாட்டிலில் 150 மில்லிலிட்டர் கோப்பைகள் ஐந்து கிடைக்கும் என்பதால், இருவர் ஆளுக்கு இரண்டு கோப்பை அருந்துவதாக இருந்தால் பாட்டில் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். விலையைவிட முக்கியமானது, பாட்டிலை எப்போது திறந்தார்கள் என்ற கேள்வி. திறந்த சிவப்பு ஒயின் காற்றுப்பட்டுச் சில நாள்களில் பழமணம் இழந்து தட்டையாகிவிடும். பரிமாறுபவர் தயங்காமல் நாளைச் சொன்னாலோ, முதலில் ஒரு மிடறு சுவைக்கத் தந்தாலோ, அந்த இடத்தை நம்பலாம். கோப்பை வெதுவெதுப்பாக வந்தால் சிறிது குளிர்விக்கச் சொல்லத் தயங்காதீர்கள். வலுத்த சிவப்பு ஒயினுக்கு 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் போதும்.

பின்சேர்க்கை: விலையுயர்ந்த ஒயினைக் கோப்பையில் விற்றால் அது பழையதாகத்தானே இருக்கும் என்று சிலர் கேட்டிருந்தார்கள். கோராவின் என்ற கருவி, தக்கையை எடுக்காமலே ஊசியைச் செலுத்தி ஒயினை வெளியே எடுத்து, அந்த இடத்தை, ஒயினோடு வினைபுரியாத ஆர்கான் வாயுவால் நிரப்புகிறது. அக்கருவி புழங்கும் உணவகத்தில், முதல் கோப்பை எடுத்துப் பல வாரங்கள் ஆன பாட்டிலிலிருந்தும் தயங்காமல் கேட்டு வாங்கலாம்.